விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ஆறு மாதக் கெடு நியாயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிறருடைய கவனக்குறைவால் சாலையில் ஓர் உயிர் போய்விட்டால், இறந்தவரின் குடும்பத்தார் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுவதற்கு இன்றைய சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறே மாதம். 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 166-ஆவது பிரிவில் சேர்த்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் அதைப் பொறுத்துக்கொண்டு மனுவை ஏற்கலாம் என்ற வாசகம் அந்தப் பிரிவில் இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக் கட்டுகளை எண்ணிடுவது, குறை கண்டு திருப்புவது, நகல் எடுத்துக் கொடுப்பது என்று பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கெடு யாரைத் தடுக்கிறது, யாரைத் தடுக்கவில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆறு மாதம் என்பது இப்போது புதிதாக வந்ததன்று. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருந்தது; ஆனால் தக்க காரணம் இருந்தால் ஓராண்டு முடியும் வரை வரும் மனுக்களையும் தீர்ப்பாயம் ஏற்கலாம் என்ற விலக்கும் கூடவே இருந்தது. அதுவும் போதாது என்று கண்டுதான் நாடாளுமன்றம் 1994-இல் அந்த உட்பிரிவை அடியோடு நீக்கியது; அவ்வாண்டு நவம்பர் 14 முதல் கெடு என்பதே இல்லாமற்போயிற்று. அதற்கு முன் நடந்த விபத்துகளில் நிலுவையில் இருந்த மனுக்களுக்கும் இந்தப் பயன் உண்டு என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய பிறகு, பழைய கெடுவை மட்டும் திரும்பக் கொண்டுவந்து, பழைய விலக்கை விட்டுவிட்டார்கள். புரோநோட்டு எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியவர் திருப்பித் தராவிட்டால், கடன் கொடுத்தவர் வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த கடனைக் கேட்க மூன்று ஆண்டு, போன உயிருக்கு ஈடு கேட்க ஆறு மாதம் என்பது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த ஆறு மாதத்தில் ஒரு குடும்பம் என்னென்ன செய்தாக வேண்டும் என்று பாருங்கள். கருமாதி முடியும் வரை யாரும் காகிதத்தைத் தொடுவதில்லை. அதன் பிறகும் பல வீடுகளில் கணவனை இழந்த பெண் மாதக்கணக்கில் வாசற்படி தாண்டுவதில்லை. அவளுக்காக அலைகிறவர் தகப்பனாராகவோ மைத்துனராகவோ எழுதப் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ இருப்பார். இறப்புச் சான்றிதழை உயிர் பிரிந்த இடத்தில்தான் வாங்க வேண்டும். பேராவூரணிப் பக்கம் அடிபட்டவர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்திருந்தால் பதிவு அங்கேதான். வாரிசுச் சான்றிதழுக்குக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைக் கடக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் ஓரெழுத்து மாறிய பெயரும் இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, எதிர் வாகனத்தின் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ் பாலிசி ஆகியவற்றின் நகல்களில் பெரும்பாலானவை காவல் நிலையத்தில் இருக்கும். அங்கே போனால், எழுத்தர் நீதிமன்ற வேலையாகப் போயிருக்கிறார், ஆய்வாளர் பந்தோபஸ்தில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்பார்கள். அடுத்த திங்கட்கிழமை அந்த ஊரில் தேரோட்டமாக இருக்கும்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கெடு கணக்கிடப்படுவது விபத்து நடந்த நாளிலிருந்தே அன்றி, இறந்த நாளிலிருந்து அன்று. தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்து ஏழாம் மாதத்தில் இறந்தவரின் வீட்டார், அவர் உயிரோடு இருந்தபோதே காயத்துக்காக மனுப் போட்டிருக்காவிட்டால், பாடை தூக்குவதற்கு முன்பே கெடு முடிந்துபோயிருக்கும். மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியிடம், போய் வழக்குப் போட்டுவிட்டு வா என்று எந்த உறவினர்தான் சொல்வார்?

குடும்பங்கள் காத்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வண்டி ஓட்டியவர் மீது காவல்துறை போட்டிருக்கும் குற்ற வழக்கு முடிந்த பிறகுதான் இழப்பீடு கேட்க முடியும் என்று நம் மக்களில் மிகப் பலர் நம்புகிறார்கள். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவிலும் பதியப்படும் அந்த வழக்கு அரசுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலானது. அது எத்தனை ஆண்டு இழுக்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2014 ஜூலையில். சாலை விபத்து வழக்கு அவ்வளவு பெரியதன்று என்றாலும், ஆறு மாதத்துக்குள் அது முடிந்ததாக நான் பார்த்த நினைவில்லை. இழப்பீட்டு மனுவுக்கும் அந்த வழக்கின் முடிவுக்கும் சம்பந்தமே இல்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில், இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பத்தக்க அளவுக்குச் சான்று இருந்தால் போதும்.

இதற்குப் பழைய தீர்ப்பு ஒன்றே போதும். இரவு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த தனியார் பேருந்து ஒன்று, தாழத் தொங்கிய உயரழுத்த மின் கம்பியில் பட்டு 26 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 8 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். குற்ற வழக்கில், நடந்தது கடவுள் செயல் என்று சொல்லி ஓட்டுநரை விடுதலை செய்துவிட்டார்கள். ஆனால் தீர்ப்பாயம் ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று முடிவு செய்து இழப்பீடு வழங்கியது. பேருந்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்களின் அமர்வு, குற்ற வழக்கின் விடுதலை இழப்பீட்டைத் தடுக்காது என்று சொல்லி முதலாளிகளின் மனுவைத் தள்ளிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்றும் நம் ஊர்களில் "கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் பெரியவர்கள் சொல்கிறார்கள். கெடு இல்லாத காலத்தில் அந்தப் பேச்சால் தாமதம் மட்டுமே நேர்ந்தது. இன்று அதே பேச்சு உரிமையையே அழித்துவிடுகிறது.

உரிமை என்றால் எவ்வளவு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. முதலமைச்சரின் நிவாரண நிதியிலிருந்து காசோலை வந்தால், அதுதான் இழப்பீடு என்று எண்ணிப் பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது அரசு இரக்கப்பட்டுக் கொடுப்பது. தவறு செய்த வாகனத்தின் உரிமையாளரும் அவருடைய காப்பீட்டு நிறுவனமும் கொடுக்க வேண்டியது வேறு. உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் இந்தக் கணக்குக்கு வாய்பாடே வகுத்துக் கொடுத்திருக்கிறது. 34 வயதுக் கொத்தனார் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தார், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழிலாளி என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் மாதம் 21,000. அதில் அவருடைய சொந்தச் செலவுக்காக நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச் செலவு, துணையை இழந்த மனைவிக்கும் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் மகனை இழந்த தாய்க்கும் தனித்தனியாக ஒரு தொகை, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி. சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. காய்கறி விற்றுப் பிழைத்த ஒருவருக்கு எந்த ஆவணமும் இல்லாமலே மாத வருமானம் 6,500 ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது, அதுவும் 2008-இல் நடந்த விபத்துக்கு.

இறந்தவர் பெண்ணாக இருந்தால் வீட்டாரே கணக்கைக் குறைத்துவிடுகிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்த எத்தனையோ மனுக்களில், இறந்தவரின் தொழில் என்ற இடத்தில் "வீட்டில் சும்மா இருந்தார்" என்று எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, மாட்டையும் பார்த்துக்கொண்ட பெண்ணைப் பற்றி அவளுடைய கணவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாசகம் இது. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து தொடர்பான வழக்கில், இறந்த இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2001-இலேயே மதிப்பிட்டது. 2021 ஜனவரியில் மற்றொரு தீர்ப்பு, இல்லத்தரசிக்கு உத்தேச வருமானம் கணக்கிடுவது அவருடைய உழைப்புக்குக் கொடுக்கும் அங்கீகாரம் என்று தெளிவாக்கியதோடு, எதிர்கால உயர்வையும் சேர்க்கலாம் என்றது. மனு எழுதிக் கொடுக்கும் வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் அந்த "சும்மா"வை இனியாவது விட்டுவிட வேண்டும்.

இத்தனை லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில், பிணவறை வாசலிலேயே விவகாரம் முடிந்துவிடுவதும் உண்டு. உடலை வாங்கக் காத்திருக்கும் அண்ணனை, லாரி உரிமையாளரின் ஆட்கள் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய், ஈமச் செலவுக்கு என்று ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கையில் கொடுத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தாள் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்துமா என்பது வேறு கேள்வி. எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று குடும்பம் மனுவே போடாமல் இருந்துவிடுவதுதான் அதனால் லாரி உரிமையாளருக்குக் கிடைக்கும் லாபம். சட்டத்துக்கு உட்பட்ட கண்ணி ஒன்றும் இருக்கிறது. யார் தவறு என்றே பார்க்காமல் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்க 164-ஆவது பிரிவு வழிசெய்கிறது. சாட்சி கிடைக்காத, இறந்தவர் மீதே தவறு இருக்கக்கூடிய விபத்துகளில் இது பெரிய உதவி. ஆனால் அதை உரிய முறைப்படி ஏற்றுக்கொண்டால் 166-ஆவது பிரிவில் போட்ட மனு காலாவதியாகிவிடும். மேலே சொன்ன கொத்தனாரின் மனைவி, உடனே கிடைக்கிறதே என்று 5 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டால் இழப்பது 25 லட்சத்துக்கும் மேல். இதை அவரிடம் எடுத்துச் சொல்வது தன் கடமை என்று அந்த நேரத்தில் அங்கிருக்கும் யாரும் நினைப்பதில்லை.

கெடு வைக்காவிட்டால் போலி மனுக்கள் பெருகும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். போலி மனுக்கள் இருந்தன, இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. மாடியிலிருந்து விழுந்தவரை மோட்டார் சைக்கிள் இடித்ததாக எழுதிய கட்டுகளும் கண்ணில் பட்டிருக்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட கட்டுகளுக்கு ஓர் அடையாளம் உண்டு: அவற்றில் எல்லாத் தாளும் இருக்கும், எல்லாம் வரிசையாக இருக்கும், சீக்கிரமாகவும் வந்துவிடும். தொழிலாகச் செய்கிறவருக்கு ஆறு மாதம் தாராளம். ஆறு வாரம் கொடுத்தாலும் முடித்துவிடுவார். தாள் குறைவாக, பெயர் பிழையாக, தாமதமாக வருவது உண்மையாகவே இழவு விழுந்த வீட்டிலிருந்துதான். போலியைப் பிடிக்க வேண்டுமானால் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டையும் காவல்துறை ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாட்காட்டியைக் காட்டிப் பிடிக்க முடியாது.

இந்த நிலையைச் சீர்செய்யும் வழி அதே சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் கடிதத்தின் முக்கியமான பகுதி. 159-ஆவது பிரிவின்படி, விபத்து பற்றிய தகவல் அறிக்கையைக் காவல்துறை மூன்று மாதத்துக்குள் தயாரித்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி வரும் அறிக்கையையே இழப்பீடு கேட்கும் மனுவாகத் தீர்ப்பாயம் கருத வேண்டும் என்று 166-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. அதாவது குடும்பம் கதவைத் தட்டாவிட்டாலும் வழக்கு தானாகத் தொடங்க வேண்டும். காவல்துறை தன் வேலையை உரிய காலத்தில் செய்தால் ஆறு மாதக் கெடு யாரையும் தொடவே தொடாது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள் இதற்கு நாள் குறித்திருக்கின்றன: 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை. இதைச் செயல்படுத்த ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அல்லது நகர அளவிலாவது தனிப் பிரிவு வேண்டும் என்று 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

நடப்பது என்ன? என் பணியின் கடைசிக் காலத்தில் இந்தப் படிவங்கள் வரத் தொடங்கின. வாகன எண்ணும் குற்ற எண்ணும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கும். இறந்தவரின் வாரிசுகள், அவர்களுடைய வயது, வருமானம், வங்கிக் கணக்கு என்று வரும் பக்கங்களில் "விசாரணையில் உள்ளது" என்று ஒரே வரி, அல்லது குறுக்கே ஒரு கோடு. அப்படிப்பட்ட படிவத்தை எந்தத் தீர்ப்பாயமும் மனுவாக எண்ணிட முடியாது. அது ஒரு கோப்பில் கட்டி அலமாரியில் வைக்கப்படும். காவலர்களை மட்டும் குறை சொல்லி ஆகப்போவதில்லை. திருவிழாப் பாதுகாப்பையும் அமைச்சர் வருகையையும் திருட்டு வழக்கையும் அதே ஆட்களே பார்க்கிறார்கள். ஆனால் அந்த விதிகளில் ஒரே ஒரு கடமையை எந்த நிலையமும் எந்தச் செலவும் இல்லாமல் செய்யலாம்: விபத்து நடந்த பத்து நாளுக்குள், பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் இரண்டாம் படிவத்தை விசாரணை அதிகாரி குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும் என்பதே அது. அந்தப் படிவத்தை நல்ல தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு, பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஒப்படைக்கும்போது வாங்கும் கையெழுத்தோடு இதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்குமாறு தமிழ்நாடு உள்துறையும் காவல்துறைத் தலைமை இயக்குநரும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தேநீர்க் கடையில் முத்திரைத்தாளோடு காத்திருப்பவருக்கு முன்பாக இந்தத் தாள் அந்த அண்ணனின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சொல்லாமல் விடுவதன் விலை என்ன என்பதற்கு, இடித்துவிட்டு நிற்காமல் போகும் வாகனங்களின் விபத்துகளே சாட்சி. இவற்றில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் 2022 ஏப்ரல் முதல் கிடைக்கின்றன. வாகனம் எதுவென்றே தெரியாததால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது; வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2022-இல் நாடு முழுவதும் இத்தகைய விபத்துகள் 67,387. ஆனால் 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205 மட்டுமே என்றும், அவற்றிலும் 95-க்குத்தான் பணம் போனது என்றும் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் 2024 ஜனவரியில் இதைக் கவனித்த நீதிமன்றம், ஒரு மாதத்துக்குள் வாகனம் கண்டுபிடிக்கப்படாவிட்டால் இத்திட்டம் பற்றிக் குடும்பத்தாருக்குக் காவல் நிலையப் பொறுப்பாளர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கொடுக்க நிதி இருந்தும், கேட்க ஆள் இல்லாமல் போனதற்கு வேறென்ன காரணம் சொல்வது?

தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராத வழக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியார் வாகனமானால் காப்பீட்டு நிறுவனம், மேல்முறையீடு செய்யாத பட்சத்தில், பெரும்பாலும் கட்டிவிடும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் பொதுவாகக் காப்பீடு செய்யப்படுவதில்லை. அவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. கழகமே தன் கையிலிருந்து கட்ட வேண்டும், கட்டுவதில்லை. நிறைவேற்று மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, அதைச் செயல்படுத்தும் நீதிமன்ற ஊழியரான அமீனா பேருந்து நிலையத்துக்குப் போவார். பயணிகள் ஏறி உட்கார்ந்து, நடத்துநர் பாதிப் பேருக்குச் சீட்டும் கிழித்திருப்பார். முன்கண்ணாடியில் ஜப்தி அறிவிப்பை ஒட்டியதும், பையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் திட்டுவது மனுப் போட்ட விதவைத் தாயைத்தான். பேருந்து நீதிமன்ற வளாகத்தில் வெயிலில் நிற்கும். சில நாளில் கழகத்தார் ஒரு பகுதியைக் கட்டி மீட்டுப் போவார்கள். மிச்சத்துக்கு மறுபடி மனு. இதற்கிடையில் ஏறும் வட்டியும் மக்கள் பணம்தான். விபத்து இழப்பீட்டுக்கென்று தனி நிதி ஒதுக்கி, தீர்ப்பான தொகையை அதிலிருந்து உடனே கட்டிவிட்டால் அரசுக்கு மிச்சமாகுமே தவிர நட்டமாகாது.

வாகனம் சம்பந்தப்படாத கவனக்குறைவு மரணங்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது. அறுந்து கிடந்த மின் கம்பி, மூடாமல் விட்ட பள்ளம், இடிந்து விழுந்த சுவர் போன்றவற்றில் இறந்தவர்களுக்காக, 1855-ஆம் ஆண்டின் உயிர்ப்போக்கு விபத்துச் சட்டத்தின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமானதால் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் மட்டுமே அதில் வருகிறார்கள். தம்பி தங்கைகளைப் படிக்கவைத்த அண்ணன் இறந்தால் அவர்களுக்கு அதில் இடமில்லை. (மோட்டார் வாகனச் சட்டத்தில் உடன்பிறந்தவரும் கேட்கலாம் என்பதை 1987-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது.) மின் கம்பி மரணங்களில் வாரியத்தின் கவனக்குறைவைக் குடும்பம் நிரூபிக்க வேண்டியதே இல்லை. மத்தியப் பிரதேசத்தில் இரவுப் பொழுதில், மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த கம்பியை அறியாமல் சைக்கிளில் வந்து இறந்த தொழிலாளியின் வழக்கில், யாரோ மின்சாரம் திருடியதால் கம்பி விழுந்தது என்று வாரியம் சொன்ன சமாதானத்தை 2002-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆபத்தான பொருளைக் கையாள்பவரே பொறுப்பு என்றது. கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கி இறப்பவர்களின் குடும்பத்துக்குக் குறைந்தது 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பாகியிருக்கிறது. தனியார் மருத்துவமனைகளின் கவனக்குறைவுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; அங்கேயும் கெடு இரண்டு ஆண்டு. உரிமையியல் நீதிமன்றத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டு இருக்க, சாலையில் செத்தவருக்கு மட்டும் ஏன் நாலில் ஒரு பங்கு காலம்?

செலவுக்கு அஞ்சி ஒதுங்குகிறவர்களுக்காக இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே கணவனை இழந்த எந்தப் பெண்ணும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். வரும் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு வழக்கு நடத்துவது பார் கவுன்சில் விதிகளுக்கே எதிரானது. அப்படிப் பேசுகிறவர்களிடம் இதை நினைவூட்டலாம். ஆந்திராவிலோ கர்நாடகத்திலோ விபத்து நடந்திருந்தாலும் அங்கே போய் அலைய வேண்டாம். மனுதாரர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

ஆறு மாதக் கெடுவை எதிர்க்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அவை முடியும் வரை தாமதம் என்ற காரணத்துக்காக எந்த மனுவையும் தள்ளுபடி செய்யக்கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதை வரவேற்கிறேன். ஆயினும் இடைக்கால உத்தரவை நம்பி ஒரு குடும்பம் காத்திருக்க முடியாது. அதோடு, கெடு முடிந்துவிட்டது என்று கேட்டுக் கட்டைத் தொடங்காமலே வீடு திரும்பியவர்கள் எந்த நீதிமன்றத்தின் பதிவேட்டிலும் இல்லை. தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமில்லாமல் 1994-ஆம் ஆண்டு நிலையைத் திரும்பக் கொண்டுவரக் கோர வேண்டும். அது முடியாதென்றால், கெடுவை இரண்டு ஆண்டாக்கி, தக்க காரணமிருந்தால் தாமதத்தைப் பொறுக்கும் அதிகாரத்தையாவது தீர்ப்பாயத்துக்குத் தரச் செய்ய வேண்டும்.

தங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தற்கொலைச் செய்திகளின் கீழே உதவி எண்ணைத் தவறாமல் அச்சிடுகிறீர்கள். சாலை விபத்தில் உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளின் கீழேயும், இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் சொந்த ஊர் தீர்ப்பாயத்திலேயே போடலாம், குற்ற வழக்கு முடியக் காத்திருக்க வேண்டாம், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம் என்று இரண்டு வரி சேர்த்தால், சுற்றறிக்கை வரும்வரை அந்த வேலையைத் தங்கள் நாளிதழ் செய்ததாகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
தஞ்சாவூர் மாவட்டம்